உவரியிலிருந்து அம்பாசமுத்திரம்: தண்ணீர் ஏறிய ரெகுலேட்டரோடு ஒரு நாள்

மராட்டியத்தில் ஒரு விடியற்காலை பூமி குலுங்கி, ஊர் ஊராக ஜனம் மண்ணுக்குள் போன செய்தியை ரேடியோ ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் மூத்த மகள் பெரிய பரீட்சையில் இரண்டாம் தடவை தேறியதும் அந்த வருஷம்தான். இதையெல்லாம் சொன்னால் மருமகள் கணக்குப் பார்த்து, 1993 அக்டோபர் என்கிறாள். நான் எழுத்துப் படிக்காதவன். நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்கிறாள். ஆனால் எந்தக் கிழமை, எத்தனை மணி, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று கேட்டால் இன்றைக்கும் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

கடலுக்குள் மூழ்கிப் பார்க்கும் ஆசை இப்போது பல பேருக்கு வந்திருக்கிறது. பயிற்சி முடித்ததும் சொந்தமாக ரெகுலேட்டர் வாங்கலாமா, எப்படி வைத்துக்கொள்வது என்று என் பேரனின் கூட்டாளிகள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பயணத்தைச் சொல்கிறேன். உவரியிலிருந்து மேலப்பாளையம், அங்கிருந்து அம்பாசமுத்திரம், ஒரே நாளில் போய்த் திரும்பினோம்.

போன காரணம் என் தங்கை திரேசம்மாளின் மாப்பிள்ளை தொம்மை. தூத்துக்குடியில் ஒரு காண்ட்ராக்டரிடம் நீருக்கடி வேலை பார்த்தான். அறுந்து விழுந்த நங்கூரத்தைத் தேடுவது, கப்பலின் விசிறியில் சுற்றிய கயிற்றை அறுப்பது மாதிரியான வேலைகள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்வரை அவனும் எங்கள் அண்ணன் சிலுவையும் படகில் வைத்த கம்ப்ரசரின் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு சங்கு எடுக்கப் போவார்கள். ஒரு நாள் காற்று திசை மாறி, இஞ்சின் புகை கம்ப்ரசருக்குள் போய், அடியில் நின்ற அண்ணன் அதையே மூச்சாக இழுத்து அங்கேயே போய்விட்டார். அதற்கப்புறம்தான் தொம்மை குழாயை விட்டுவிட்டு, பழைய சாமான் கடையில் ஒரு ரெகுலேட்டரும் ஒரு சிலிண்டரும் வாங்கினான்.

சிலிண்டருக்குள் காற்று பயங்கர அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அதை மனுஷன் மூச்சுக்குத் தக்கபடி குறைத்துக் கொடுப்பதுதான் ரெகுலேட்டர். இரண்டு பாகம் உண்டு. ஒன்று சிலிண்டர் வாயில் பூட்டுகிற பித்தளைத் துண்டு. இன்னொன்று நாம் கடித்துக்கொள்கிற டப்பா. நடுவில் ஒரு ரப்பர் குழாய். அவ்வளவுதான் சாமான், ஆனால் உயிர் அதில் தொங்குகிறது.

புரட்டாசியில் ஒரு நாள் வலை காயும் இடத்தில் வைத்துத் தொம்மை மெதுவாகச் சொன்னான். “மச்சான், மூணு மூச்சுக்கு ஒரு மூச்சு உப்புத்தண்ணி ஏறுது. திரேசுக்குத் தெரிய வேண்டாம். அண்ணன் போனதுலேருந்து அவ ராத்திரி ஒழுங்கா ஒறங்குறதில்ல.” அடுத்த திங்கட்கிழமை பத்து பாகத்தில் வேலை. ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அகலம், ஆறடி. பத்து பாகத்தில் தண்ணீர் ஏறினால் இருமவும் முடியாது, உடனே மேலே வரவும் முடியாது. சரி பண்ணாவிட்டாலும் போவான் என்று எனக்குத் தெரியும். காண்ட்ராக்டர் வேறு ஆள் பார்த்துவிடுவான் என்ற பயம் அவனுக்கு.

எங்கள் ஊரில் கருவாடு எடுக்க வரும் மேலப்பாளையத்து வியாபாரிதான் காதர் பாயைப் பற்றிச் சொன்னார். வளைகுடாவில் ஒரு டைவிங் கம்பெனியில் பதினோரு வருஷம் ரெகுலேட்டர் பிரித்து மாட்டுகிற வேலை பார்த்துவிட்டு, காலில் அடிபட்டுத் திரும்பி வந்தவர். புதன்கிழமை போவது என்று முடிவு செய்தோம். திரேசம்மாளிடம் சும்மா சர்வீஸுக்கு என்று சொல்லியிருந்தோம். “யாரு அதத் தொறக்காருன்னு நானும் பாக்கணும்” என்று அவளும் கிளம்பிவிட்டாள்.

காலை ஐந்து நாற்பதுக்கு உவரியில் பஸ். திசையன்விளை, நாங்குநேரி வழி. அறுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், ஆளுக்கு ஒன்பது ரூபாய். நாங்குநேரியில் ஏறிய செக்கர் ஒன்றும் சொல்லவில்லை. கண்டக்டர்தான் முதலிலேயே சிலிண்டரைப் பார்த்து விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“ஏ அண்ணாச்சி, கேஸ் சிலிண்டர பஸ்ல ஏத்தப்படாது.”

“இது கேஸ் இல்லவே. காத்து” என்றான் தொம்மை.

“காத்தா? அத ஏன்வே இரும்புல அடச்சுச் சொமக்கீரு? வெளியில சும்மாதான கெடக்கு!”

பஸ்ஸே சிரித்தது. கடைசியில் இரண்டு ரூபாய் லக்கேஜ் போட்டு, சிலிண்டரைப் பின்சீட்டுக்கு அடியில் படுக்க வைத்தார். (சிலிண்டரைப் பஸ்ஸில் கொண்டுபோகிறவர்களுக்கு: நிற்க வைக்காதீர்கள், உருளாதபடி படுக்கப் போடுங்கள். வெயில் படும் பக்கம் வேண்டாம்.)

எட்டு மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷன். அங்கிருந்து மேலப்பாளையத்துக்கு ஆட்டோ, பதினைந்து ரூபாய். காதர் பாய் வீட்டுச் சந்தில் ஒரு பக்கம் தறிச் சத்தம், ஒரு பக்கம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள். பாய் ஐம்பது வயது ஆள், மெலிந்த உடம்பு. இடது காலை இழுத்து நடந்து வந்து கதவைத் திறந்தார். திரேசம்மாள் கொண்டுவந்த நெய்மீன் கருவாட்டை உள்ளே கொடுத்துவிட்டு, எங்களுக்குச் சாயா சொன்னார். அப்புறம் தரையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் ரெகுலேட்டரை வைத்தார். சின்ன வளையம் உருண்டாலும் வெள்ளையில் தெரியும், அதற்காக.

முதல் கேள்வி: “இத வாங்கும்போது என்னத்தப் பாத்து வாங்கினீரு?”

“நல்லா பளபளன்னு இருந்திச்சு பாய்.”

“பொண்ணு பாக்கப் போனப்பவும் அப்படித்தானா?”

“அதுக்கு நான் பதில் சொல்லுதேன், பாய்” என்றாள் திரேசம்மாள். தொம்மை முகத்தைச் சாயா கிளாஸுக்குள் விட்டுக்கொண்டான்.

பளபளப்பில் ஒன்றும் இல்லை என்றார் பாய். அவர் சொன்ன வழி எழுத்துத் தெரியாதவனுக்கும் ஏற்ற வழி. பித்தளைத் துண்டின் வாய்க்கு ஒரு மூடி உண்டு. அதை இறுக்கி மூடிவிட்டு, சிலிண்டரில் மாட்டாமலே, கடிக்கிற பக்கத்தை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். நல்ல ரெகுலேட்டர் என்றால் ஒரு சொட்டுக் காற்றும் வராது, நாக்கைப் பிடித்து இழுக்கும். அவரிடம் இருந்த பழைய ஒன்றை என்னிடம் கொடுத்தார். உறிஞ்சினேன், உதடு அப்படியே ஒட்டிக்கொண்டது. தொம்மையுடையதை உறிஞ்சினால் ஓட்டைச் சங்கு மாதிரி காற்று உள்ளே வந்தது. காற்று வருகிற வழியில் கடலுக்குள் தண்ணீர் வரும்.

பித்தளை வாய்க்குள் ஒரு சிறு வடிகட்டி இருக்கும், அதன் நிறத்தையும் பாருங்கள் என்றார். பச்சை என்றால் உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செம்மண் நிறம் என்றால் சிலிண்டருக்குள் துரு. கறுப்பு என்றால் காற்று அடைத்த இடத்தில் கோளாறு. தொம்மையுடையதில் லேசாகப் பச்சை.

அப்புறம் டப்பாவைத் திறந்தார். உள்ளே பப்படம் அளவில் ஒரு ரப்பர் தட்டு இருக்கிறது. நாம் மூச்சை இழுக்கும்போது அது உள்வாங்கி, காற்றைத் திறந்துவிடும். தொம்மையுடைய தட்டு ஊதிப்போய், ஓரம் ஆப்பம்போல் சுருண்டு கிடந்தது. மூச்சு வெளியே போகிற சின்ன ரப்பர் இதழில் மணல் அப்பியிருந்தது. பாய் அதை மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

“யாரு இதுல எண்ணெய் விட்டது?”

“எண்ணெயா? நான் எதுக்கு பாய் விடுதேன்?” என்றான் தொம்மை.

“தேங்காயெண்ணெய்தான். திரி கருகுன வாசமும் வருது.”

எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில் விளக்கு எண்ணெயை எடுத்து வந்து எல்லாவற்றுக்கும் தடவுவோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில், புது வலை என்றால் முதல் கண்ணியில், இஞ்சின் என்றால் மூடியில். திரேசம்மாள் தொம்மையின் பையைத் திறந்து, அந்த டப்பாவின் துளைகள் வழியாக எண்ணெய் விடுவதை ஆறு மாதத்துக்கு முன்னால் நான் பார்த்திருக்கிறேன். நல்லதுதானே என்று சும்மா இருந்துவிட்டேன். அவனுக்குத் தண்ணீர் ஏறுவதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

திரேசம்மாள் தறிச் சத்தம் வருகிற ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் அவளை ஒரு தரம் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். “சரி, யாரு விட்டா என்ன. எண்ணெய் பட்டா இந்த ரப்பர் ஊதிரும். ஊதுனா ஓரம் ஒட்டாது. மணல் வேற எண்ணெயில வந்து ஒட்டிக்கிடும். அப்புறம் தண்ணி ஏறாம என்ன செய்யும்?”

“தண்ணி ஏறுதா?” அவள் சட்டென்று திரும்பினாள். “ஒங்களுக்கா? உள்ளயா?”

“கொஞ்சந்தாட்டி. லேசா” என்றான் தொம்மை.

பாய் மூன்று மணி நேரம் வேலை பார்த்தார். பித்தளையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, உள்ளே இருந்த வளையங்களை மாற்றினார். வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த தகர டப்பாவில் இந்த ஜாதி ரெகுலேட்டருக்குப் பொருந்துகிற ரப்பர் தட்டு ஒன்றே ஒன்று இருந்தது. அது இல்லாவிட்டால் அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பியிருப்போம். நூற்று எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். பூட்டி முடித்து, உறிஞ்சிப் பார்த்து, சிலிண்டரில் மாட்டித் திறந்து காதை வைத்துக் கேட்டார். (திறக்கும்போது அழுத்தம் காட்டுகிற கண்ணாடியை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள், திருப்பிப் பிடியுங்கள்.) அந்தக் கண்ணாடிக்குள் இருக்கும் முள்ளைப் பார்த்துக்கொண்டே தொம்மையை மூச்சு இழுக்கச் சொன்னார். முள் ஆடவில்லை. ஆடினால் எங்கேயோ அடைப்பு.

“ஆனா மொதல்லயே கடலுக்குக் கொண்டு போவாதியும். பத்து பாகத்துல சோதனை பண்ண முடியாது. ஆத்துல மூணு பாகத்துல பாப்போம். அம்பாசமுத்திரம் பக்கத்துல ஆத்துக்குள்ள ஆழமா ஒரு கசம் இருக்கு, நானும் வாரேன்.”

ஜங்ஷனில் பன்னிரண்டு இருபதுக்குத் தென்காசிப் பாசஞ்சர். மீட்டர்கேஜ் வண்டி, ஆளுக்கு ஆறு ரூபாய். சேரன்மகாதேவியில் பத்தமடைப் பாய்க்கட்டோடு ஏறிய ஒரு அம்மா, சிலிண்டர்மேல் கட்டைச் சாய்த்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். இரண்டு பக்கமும் வயல். வெள்ளம் கொண்டுவந்த துணியும் வைக்கோலும் ஆற்றோர மரங்களில் ஆள் உயரத்துக்கு மேலே அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தன. திரேசம்மாள் இடுப்பில் சுருக்குப்பையை ஒரு கையால் பிடித்தபடியே வந்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தொம்மை கோபக்காரன். நான் சொன்னால் வண்டியிலேயே சண்டை வரும், சொல்லாவிட்டால் ஊருக்குப் போனதும் மறுபடி எண்ணெய் விடுவாள். ஒன்றே முக்கால் மணிக்கு அம்பாசமுத்திரம் வந்தது. அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருபது ரூபாய். ஓர் அணைக்கட்டுக்கு மேலே வெள்ளம் தோண்டிப்போட்ட கசம். தண்ணீர் பச்சையாக, ஓட்டமில்லாமல் கிடந்தது. எங்களுக்கு முன்னாலேயே ஒரு ரிட்டையர்டு வாத்தியார் குளித்துக் கரையேறி, வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். தொம்மை தண்ணீருக்குள் அமிழ இடுப்பில் ஈயக்கட்டி கட்டுவதைப் பார்த்து, “தம்பி, நீச்சல் தெரியாதா?” என்று கேட்டார்.

பாய் அந்தக் கட்டிகளில் இரண்டைக் கழற்றச் சொன்னார். கடல் கணக்கு ஆற்றுக்குச் சரிவராது. உப்பு இல்லாத தண்ணீர் ஆளைத் தூக்காது, அத்தனை ஈயத்தோடு இறங்கினால் கல்லாகப் போய்விடுவான்.

தொம்மை இடுப்பளவு தண்ணீரில் நின்று டப்பாவை வாய்க்குக் கொண்டுபோனான். அப்போதுதான் திரேசம்மாள் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி அவன் கையைப் பிடித்துவிட்டாள். இன்னொரு கையில் ஒரு சின்னக் குப்பி.

“இது இல்லாம ஒங்கள நான் ஒரு தடவகூட அனுப்பினது இல்ல. இன்னைக்கு எப்படி அனுப்புவேன்?”

தொம்மை குப்பியைப் பார்த்துவிட்டுக் கத்தினான். “ஏட்டி! நீயாட்டி? ஆறு மாசமா உப்புத்தண்ணியக் குடிச்சிக்கிட்டு, நெஞ்சு போச்சு, வயசு போச்சு, இனி நம்மளால முடியாதுன்னு நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன்… ஏன் எங்கிட்ட சொல்லல?”

“தண்ணி ஏறுதுன்னு நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?”

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “ரெண்டும் எனக்குத் தெரியும்” என்றேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! காதர் பாய்தான் கரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். “அண்ணாச்சி, அப்ப கள்ளன் நீருதான்.”

தொம்மை சிரிக்கவில்லை. திரேசம்மாளும்தான். அவள் பாயைப் பார்த்துக் கேட்டாள். “எங்க அண்ணன் இப்படித்தான் எறங்குனாரு. மேல வரல. இவரு எறங்கும்போது நான் கையக் கட்டிக்கிட்டு இருக்கணுமா பாய்? நான் என்னதான் செய்ய?”

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார். “தங்கச்சி, நான் வளைகுடாவுக்குச் சபுரு கெளம்பும்போதெல்லாம் எங்க உம்மா ஓதி ஊதுன தண்ணிய எந்தலயில தெளிப்பா. வேண்டாம்னு நான் சொன்னதே இல்ல. அந்த எண்ணெய மாப்பிள்ள நெத்தியில வைங்க, நல்லா வைங்க. ரப்பருக்கு மட்டும் வேண்டாம். ரப்பருக்கு வேண்டியது நல்ல தண்ணி. கடலுக்குப் போயிட்டு வந்து ஆம்பள எவனும் ஒழுங்காக் கழுவ மாட்டான், அங்கன துரைமாரையே பாத்துட்டேன். நீங்க கழுவுங்க. நீங்க கழுவி, நீங்க உறிஞ்சிப் பாத்து, சரின்னு சொன்னாத்தான் அவரு எடுக்கணும். சம்மதமாவே?”

தொம்மை தலையைக் குனிந்து, அவளுக்கு நெற்றியைக் காட்டினான்.

எண்ணெய் வைத்த கையைச் சேலையில் துடைக்கப் போனவளைப் பாய் தடுத்து, மணலால் தேய்த்துக் கழுவ வைத்தார். அப்புறம் ரெகுலேட்டரை அவள் கையில் கொடுத்தார். அதை வாங்கிக் கடித்துக்கொண்டு தொம்மை முங்கினான். குமிழி வந்துகொண்டே இருந்தது. வாத்தியார் போக மனமில்லாமல் ஈர வேட்டியோடு நின்றார். பதினொரு நிமிஷம் கழித்து நடு ஆற்றில் தொம்மை தலை தெரிந்தது. டப்பாவை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவன் சொன்ன முதல் வார்த்தை: “காஞ்சு கெடக்குட்டி!” சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை என்று அர்த்தம். திரேசம்மாள் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள்.

ஆற்றுத் தண்ணீரிலேயே பாய் அவளுக்குக் கழுவக் காட்டிக்கொடுத்தார். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். சிலிண்டரிலிருந்து கழற்றியதும் பித்தளை வாய் மூடியை ஈரமில்லாமல் துடைத்து, இறுக்கி மூடுங்கள். மூடாமல் தண்ணீரில் போட்டால் உள்ளே போன தண்ணீர் பித்தளையைத் தின்றுவிடும். நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். ஊறும்போது டப்பாவின் நடுப் பட்டனை அமுக்காதீர்கள், அமுக்கினால் தண்ணீர் குழாய் வழியாக ஏறும். நிழலில் காயப்போடுங்கள். எங்கள் ஆட்கள் வலை மாதிரி மணலில், வெயிலில் போடுவார்கள், ரப்பர் வெடித்துப்போகும். குழாயை மடக்கிக் கட்டாதீர்கள். எந்த எண்ணெயும் வேண்டாம். இப்போது பிராணவாயு கூடுதலாகக் கலந்த காற்றும் அடைக்கிறார்கள், அதில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் தீயே பிடிக்கும். வருஷம் ஒரு தடவை தெரிந்தவரிடம் பிரித்துப் பார்க்கக் கொடுங்கள், நீங்களாகப் பிரிக்காதீர்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. விலையையும் பளபளப்பையும் பார்க்குமுன், அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் எத்தனை மணி நேரத் தூரத்தில் இருக்கிறார், அவர் டப்பாவில் அதன் ரப்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களுக்கு அந்த ஆள் இரண்டரை மணி நேரத்தில் இருந்தார், அது எங்கள் அதிர்ஷ்டம். அந்தக் கசத்தைத் தேடிப் போகாதீர்கள். ஆற்றின் போக்கு வருஷத்துக்கு வருஷம் மாறும், இப்போது அங்கே இறங்க விடவும் மாட்டார்கள். கடலில் இறங்குமுன் சோதித்துப் பார்க்க ஒரு நீச்சல் குளம் போதும்.

ஐந்து மணி பஸ்ஸில் ஜங்ஷன் வந்து, பாயை மேலப்பாளையத்தில் இறக்கிவிட்டு ஊர் திரும்பினோம். ஆள் செலவு, சாமான் செலவு எல்லாம் சேர்த்து முந்நூற்று எழுபது ரூபாய். திங்கட்கிழமை தொம்மை பத்து பாகத்தில் இறங்கி, நங்கூரத்தைக் கட்டிவிட்டு ஏறினான்.

காதர் பாயிடம் வருஷா வருஷம் போனோம். அவர் ஒரு நோன்பு மாதத்தில் காலமானார். அந்த வாத்தியார் அன்றைக்கே எழுபது தாண்டியவர். தொம்மை இன்னும் பதினாறு வருஷம் கடலுக்கு அடியில் வேலை பார்த்து, கடைசியில் சர்க்கரை வியாதியில், தன் வீட்டுக் கட்டிலில், பிள்ளைகள் சுற்றி நிற்கப் போனான். அன்று அந்தக் கரையில் நின்றவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது என் தங்கை திரேசம்மாள்.